நாற்பத்தேழாம் நம்பர் நெல்

இப்போதெல்லாம் நாற்றின் இலையில் பொட்டு அளவு கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். நோயைத் தாங்கும் மரபணு அந்தச் செடிக்குள் இருக்கிறதா இல்லையா என்பது சில நாளில் கணினியில் வந்துவிடுகிறது. சென்ற மாதம் ஓய்வூதிய வேலையாக எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தப் பட்டியலைக் காட்டினார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள்: "இது எதுவும் இல்லாம, ஒரு நெல்லுக்கு நோய் வராதுன்னு எப்படி சார் சொன்னீங்க?"

நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். சுருக்கமாக வேண்டுமென்றால், ஒருமுறை தப்பாகச் சொன்னோம்.

எனக்குத் திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவன் நான்தான். எனக்கு மூத்தவரான கலியமூர்த்தி அண்ணன் மாடு மேய்த்தார், ஏர் ஓட்டினார், பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தார். நான் விவசாய டிப்ளமா முடித்து நிலையத்தில் வயல் உதவியாளராகச் சேர்ந்தேன். படித்ததையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொண்ட ஒரு வருஷம்தான் என் பயிற்சிக் காலம். அதில் முதல் மாதம் நடந்தது ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

நிலையத்தின் வடகோடியில் மேட்டுப்பாத்திகள் வரிசையாக இருக்கும். அங்கே வளர்ப்பது நெல் அல்ல, நெல்லுக்கு வரும் குலை நோயை. பூஞ்சாணத்தால் வருவது. நாற்றில் வந்தால் இலையில் புள்ளி விழுந்து கருகும், கதிரில் வந்தால் கழுத்து கறுத்து ஒடிந்து, மணி பிடிக்காமல் பதராகும். எந்த ரகம் தாங்கும், எது தாங்காது என்று பார்க்க, நோயை நாமே உண்டாக்கி நாற்றைப் பரீட்சைக்கு உட்கார வைப்பதுதான் அந்த நாற்றங்காலின் வேலை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலை நான் முதலில் வந்து பார்த்தால் பாத்தி முழுக்கச் சீக்கு. நாற்றங்காலில் சீக்கு கண்டால் பிடுங்கிப் போடுவது எங்கள் கையில் ஊறிப்போனது. ஒரு வரிசையை முக்கால்வாசி சுத்தம் செய்துவிட்டேன்.

வேலைக்கு வந்த அஞ்சலை அக்கா வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"சீக்கு நாத்தை எடுக்கிறேன்க்கா."

"போச்சு. அதெல்லாம் மேடம் ஒரு மாசமா பெத்து வளத்த புள்ளைங்க."

மற்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "டிப்ளமா படிச்சவரு களை எடுக்க வந்திருக்காரு, கூலியில பாதியை நமக்குக் குடுக்கச் சொல்லுக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ராஜேஸ்வரி மேடம் வந்து பார்த்தார். பயிர்ப்பெருக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வயலில் செருப்புப் போட மாட்டார். வாட்ச்மேனிலிருந்து நடவு ஆள் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார், திட்டும்போதும் அப்படியே. மரியாதை கூடக் கூடத் திட்டு பெரிதாகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

"குணசேகரன், நீங்க ரொம்ப நல்ல விவசாயி. இந்தப் பாத்திக்கு நல்ல விவசாயி வேண்டாம். தயவு செஞ்சு வரப்புல ஏறி நின்னுக்குங்க."

அன்று முழுக்க வரப்பில் நின்றேன். மறுநாள் இடுக்கியையும் சிறு கத்தரியையும் கையில் கொடுத்து ஒட்டுக்கட்டச் சொல்லித் தந்தார்.

நெல் தன்னைத்தானே சூல் கொள்ளும் பயிர். பூ திறக்கும்போதே உள்ளே காரியம் முடிந்திருக்கும். அதனால் திறப்பதற்கு முன்பே நாம் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம், மறுநாள் பூக்கவிருக்கும் கதிரைப் பார்த்து, ஒவ்வொரு பூவின் உமியிலும் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாகக் கத்தரிக்க வேண்டும். உள்ளே ஆறு மகரந்தப்பைகள், வெளிர்பச்சையும் மஞ்சளுமாக, நூல் நுனியில் நிற்கும். ஆறையும் எடுக்க வேண்டும். ஐந்து எடுத்து ஒன்று தங்கினாலோ, ஒன்று உள்ளேயே உடைந்தாலோ, அந்தப் பூ அம்மாவைப் போலவே பிள்ளை பெறும், ஒட்டு கிடையாது. ஆறாவதை எடுத்ததும் எண்ணி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் விதி. சாயங்கால வயலில் நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் "ஆறு… ஆறு…" என்று சொல்லிக்கொண்டிருப்போம். ரோட்டில் போகிறவர்கள் என்னவோ ஜபம் என்று நினைத்திருக்கலாம். பிறகு காகித உறை மாட்டிவிடுவோம். மறுநாள் பத்து மணி வாக்கில் அப்பா ரகத்தின் கதிர் பூத்துத் தூள் பறக்கும் நேரம், அதைக் கொண்டுவந்து உறையின் வாயைத் திறந்து உள்ளே உதற வேண்டும். நாற்பது பூவில் பத்து பிடித்தால் நல்ல கை. பிடித்த மணி, மேல் உமி இல்லாததால் பாதி அரிசி வெளியே தெரிய, தொப்பி கழன்ற ஆள் மாதிரி முற்றும்.

அப்படிப் பிறந்ததுதான் நாற்பத்தேழு. அம்மா, இந்தப் பக்கத்துச் சனங்கள் விரும்பிச் சாப்பிடும் ஒரு சன்ன ரகம். சோறு பூவாக இருக்கும், பனி இறங்கினால் குலை நோயில் விழுந்துவிடும். அப்பா, மலைப்பக்கத்திலிருந்து வந்த மோட்டாவான சிவப்பு நெல். ஆளுயரம் வளர்ந்து சாயும், சோறு தொண்டையில் இறங்காது, ஆனால் நோய் ஒட்டாது. பிள்ளையை மறுபடி அம்மாவோடு ஒட்டி, அதன் பிள்ளையை மறுபடி ஒட்டி, ஒவ்வொரு தலைமுறையையும் நோய்ப் பாத்தியில் போட்டு வடிகட்டி, மேடத்தின் பன்னிரண்டு வருஷம் அதில் போயிற்று. அதில் பத்து வருஷம் என்னுடையதும்தான். பாத்தியில் நாற்பத்தேழாவது வரிசையில் நின்றதால் அந்தப் பெயர்.

நோய்ப் பாத்தி என் பொறுப்பில் வந்தது. கார்த்திகை மார்கழிக் குளிரில்தான் அது நடக்கும். மேட்டுப்பாத்தியில் யூரியாவை அள்ளி வைத்து நாற்றைக் கொழுக்க விட வேண்டும், கொழுத்த நாற்றைத்தான் இந்த நோய் விரும்பும். சோதிக்கிற ரகம் ஆளுக்கொரு வரிசை. சுற்றிலும், இடையிடையேயும், நோயில் நிச்சயம் விழுகிற ஒரு ரகம். அது விழாவிட்டால் நோயே வரவில்லை என்று அர்த்தம், அந்த வருஷக் கணக்கு செல்லாது. முன் வருஷத்து நோய் இலையை நறுக்கி மேலே தூவி, சாயங்காலம் கைத்தெளிப்பானால் புகை மாதிரி தண்ணீர் அடித்து, பாலிதீன் தாளால் மூடிவிட வேண்டும். காலையில் திறக்கும்போது இலைக்கு இலை துளி தொங்க வேண்டும். ஒரு வாரம் போனால் கண் வரைந்த மாதிரி புள்ளி விழும், இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. சுழியிலிருந்து ஒன்பது வரை மார்க் போடுவோம். இந்தப் பரீட்சையில் சுழி வாங்குகிறவன்தான் முதல் மாணவன்.

எல்லாவற்றிலும் முக்கியம் அந்த இலை. ஆரம்பத்தில் மேடமே ஜீப்பில் போய், வேதாரண்யம் பக்கம் கொஞ்சம், திருக்கடையூர் பக்கம் கொஞ்சம் என்று விவசாயிகளின் வயலிலிருந்து நோய் இலை பொறுக்கி வருவார். பிறகு அவருக்கு நிர்வாக வேலை கூடியது, ஜீப்பும் பாதி நாள் ஷெட்டில் நின்றது. வேலை என்னிடம் வந்தது. ஒரு வருஷம் பஸ்ஸில் காகிதப் பைகளோடு அலைந்தேன். அடுத்த வருஷம் பார்த்தேன், எங்கள் பாத்தியின் ஓர வரிசையிலேயே அருமையாக நோய் விளைந்திருந்தது. அதையே நிழலில் உலர்த்தி ஒரு தகரப் பெட்டியில் வைத்தேன். அது பிரமாதமாக வேலை செய்தது. வெளியிலிருந்து பார்க்க வந்தவர்கள், "இப்படி ஒரு நோயை எங்கயும் பார்த்ததில்லை" என்று பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெட்டிதான்.

"இலை இருக்கா?" என்று மேடம் ஒரு வருஷம் கேட்டார்.

"நிறைய இருக்கு மேடம்."

அவ்வளவுதான் பேச்சு.

நாற்பத்தேழு வருஷா வருஷம் சுழி வாங்கியது. விளைச்சலும் தேறியது. வெளியிடுவதற்குச் சிபாரிசு எழுதலாம் என்று மேடம் சொன்ன காலத்தில், அண்ணனுடைய சம்பா குலை நோயில் போயிற்று. ஆறு மா நிலத்தில், அதாவது இரண்டு ஏக்கரில், கதிர் வெள்ளையாக நின்றது. நான் ஊருக்குப் போய் நின்றபோது அண்ணன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட 'இல்லை' என்று சொல்லியிருப்பேன். கேட்காததால், நானே இரண்டு படி நாற்பத்தேழு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியிடாத விதை நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

"இதுக்குக் குலை நோயே வராதுண்ணே" என்றேன்.

முதல் வருஷம் ஒரு பாத்தி வைத்தார். புள்ளிகூட இல்லை. அடுத்த வருஷம் ஆறு மாவிலும் அதையே நட்டார். அதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு மாற்று விதையும் கொடுத்திருந்தார். ஒரு மரக்கால் கொடுத்தால் ஒரு மரக்கால் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல விதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவருக்கு இல்லை என்பது அங்கே நடக்காது. இது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். யோசிக்கவில்லை.

அந்தத் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பத்து நாளில் நாற்பத்தேழைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் வழியாக நடந்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாகத் தலை கவிழ வேண்டிய கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். கழுத்தில் கறுப்பு வளையம். தொட்டதும் ஒடிந்து கையோடு வந்தது.

களத்தில் அண்ணி இருந்தார். "வாங்க தம்பி. உங்க ஆபீசுல காசு குடுத்து ஆள் வெச்சு நோய் வர வைக்கிறாங்களாம்ல? இங்க பாருங்க, சும்மாவே வந்திருக்கு."

அண்ணன் அவரைப் பேச வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நாலு பேருக்கு விதை குடுத்தேன்டா. என் தம்பி கண்டுபிடிச்ச நெல்லுன்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். அதட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து எல்லா வழியையும் யோசித்தேன். விதை வெளியே போனது நிலையத்தில் யாருக்கும் தெரியாது. அண்ணன் வயலில் இருப்பது எந்த ரகம் என்றும் யாரும் கேட்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் நாற்பத்தேழு வெளிவரும், மேடத்தின் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும், என் வேலையும் தப்பும். அதற்கடுத்த சம்பாவில் டெல்டா முழுக்க அதை நடுவார்கள். அண்ணன் வயலில் நான் பார்த்ததை அவர்கள் எல்லோரும் அவரவர் வயலில் பார்ப்பார்கள். அப்போது அவர்களிடம் சொல்வதற்கு எனக்குத் தம்பி முறைகூட இருக்காது.

காலையில் நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். சிபாரிசுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், நாப்பத்தேழுல கழுத்து நோய் வந்திருக்கு."

"எந்தப் பிளாட்?"

"நம்ம பிளாட் இல்ல மேடம். எங்க அண்ணன் வயல்."

பேனாவை மூடி வைத்தார். நான் இரண்டு படியிலிருந்து நாலு பேர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "வேற நெல்லு கலந்திருக்கலாம்ல?" என்றார். இந்தப் பதில்தான் வர வேண்டும் என்று விரும்பி அவர் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"கலக்கலை மேடம். நோய் எல்லாக் குத்துலயும் இருக்கு."

சிபாரிசுத் தாள்களை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சரி. ஜீப் ஓடுதான்னு கேளுங்க."

ஓடியது. வரப்பில் செருப்பை விட்டுவிட்டு வயலில் இறங்கினார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை நடந்து, பத்தடிக்கு ஒரு கதிர் ஒடித்துக் காகித உறையில் போட்டார். பாலிதீன் உறையில் போட்டால் வியர்த்து வேறு பூஞ்சாணம் ஏறிவிடும். அண்ணன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"அம்மா, இது எந்திரிக்குமா?"

"எந்திரிக்காதுங்க."

"மருந்து ஏதாச்சும்?"

"இப்ப அடிச்சா மருந்துதான் வீண். கதிர் வெளிய வர்றப்பவே அடிச்சிருக்கணும். உங்களுக்கு அடிக்கணும்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேடமும் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட விதை வாங்கினவங்க வயலெல்லாம் பார்க்கணுங்க. காட்டுவீங்களா?"

அது அண்ணனுக்குக் கஷ்டமான நடை. நாலு வீட்டிலும் அவர்தான் முன்னால் போய்க் கூப்பிட்டார். மூன்று வயலில் அதே கறுப்பு வளையம். நான்காமவர் பாதி நிலத்தில்தான் நாற்பத்தேழு வைத்திருந்தார். "உன் தம்பி நெல்லு கலியமூர்த்தி, நீயே அறுத்துக்கிட்டுப் போ" என்றார்.

நிலையத்துக்கு வந்ததும் மேடம் தொட்டிகளில் நாற்பத்தேழின் நாற்றை இரண்டு பங்காகப் பிரித்து வைத்தார். ஒரு பங்குக்கு என் தகரப் பெட்டி இலையிலிருந்து எடுத்த பூஞ்சாணம். இன்னொரு பங்குக்கு அண்ணன் வயல் கதிரிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஈரத் தாளில் வைத்துப் பூஞ்சாண வித்து வர விட்டு, தண்ணீரில் கரைத்து, தனித்தனித் தெளிப்பானால் அடித்து, தனித்தனியாக மூடினோம். தினமும் காலையில் இருவரும் போய்ப் பார்ப்போம். ஆறாம் நாள் தெரிந்துவிட்டது. பெட்டி இலை அடித்த நாற்று கழுவி வைத்த மாதிரி இருந்தது. அண்ணன் வயல் நோய் அடித்தது முழுக்கக் கண் கண்ணாகப் புள்ளி.

மேடம் வெகுநேரம் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"குணசேகரன், பாத்திக்கு இலை எங்கேருந்து எடுத்தீங்க?"

"நம்ம பாத்தியிலேருந்தேதான் மேடம்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

நிமிர்ந்தார். திட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"வீட்டு நாய் கடிக்கலை. அதனால ஊர் நாய் எதுவும் கடிக்காதுன்னு எழுதிட்டோம்" என்றார். பிறகு, "ஆறு வருஷமா நானும் கேக்கலையே" என்றார்.

வெளியே வெவ்வேறு ஊர்களில் அந்தப் பூஞ்சாணம் வெவ்வேறு வகையாக மாறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரே வகையைப் பெட்டியில் போற்றி வளர்த்து, அதை ஜெயித்த நெல்லுக்குப் பட்டம் கட்டியிருந்தோம்.

சிபாரிசைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேடமே எழுதினார். காரணம் என்ற இடத்தில், எங்கள் நாற்றங்காலின் சோதனை முறையில் குறை என்று எழுதி, அதன் கீழ் தன் பெயரைப் போட்டார். விதை எப்படி வெளியே போனது என்ற இடத்தில் நிறுத்தினார்.

"உங்க அண்ணன்னு எழுதணுமா, ஒரு விவசாயின்னு எழுதினா போதுமா? நீங்க சொல்லுங்க."

"நான் குடுத்தேன்னு எழுதுங்க மேடம். அண்ணனை எழுத வேண்டாம்."

அப்படியே எழுதினார். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். பதவி உயர்வு சில வருஷம் தள்ளிப் போயிற்று. அதைவிட, கூட்டம் முடிந்து வெளியே வந்த மேடம் சொன்னதுதான் நினைவிருக்கிறது. வண்டியில் ஏறும்போது, "நாப்பத்தேழைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்கிட்ட இருக்கறது பொய்யில்ல. பத்தலை, அவ்வளவுதான். அதையே அம்மாவா வெச்சு இன்னொண்ணோட கட்டுவோம்" என்றார்.

கட்டினோம். வேறொரு தாங்கும் குணத்தைக் கொண்டுவந்து அதன்மேல் சேர்த்தோம். ஒவ்வொரு கார்த்திகைக்கும் முன்னால் நான் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் இலை பொறுக்கினேன். எங்கள் ஊரிலும் போய்ப் பொறுக்கினேன். பக்கத்து வரப்பில் நின்றிருப்பவர்கள், "என்ன, சீக்கு வாங்க வந்தியா?" என்பார்கள். சாப்பிட்டாயா என்பதோடு இரண்டு வருஷம் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது. எங்கள் ஊர் இலைதான் பாத்தியில் எப்போதும் கடுமையாக அடித்தது. அதில் தப்பியதை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு எடுத்தோம்.

மேடம் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் புது நெல் முறைப்படி வெளியாகி, விதைக் கிடங்குக்கு வந்தது. நான் அரை மூட்டை ரசீதோடு வாங்கி, பஸ் மேல் ஏற்றி, அண்ணன் வீட்டு வாசலில் இறக்கினேன். அண்ணன் மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். நகத்தால் உமியை உரித்து அரிசியைக் கடித்தார்.

"இதுக்கு வராதா?"

"இன்னிக்கு இருக்கற நோய் வராதுண்ணே. இது மாறும். என்னிக்காவது ஒரு வருஷம் இதுக்கும் வரும்."

"என்னிக்கு?"

"தெரியாது. கதிர் வர்ற நேரத்துல வயலைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

கையிலிருந்ததை மூட்டையிலேயே போட்டார். உள்ளே போய் மரக்காலை எடுத்து வந்து, மூன்று மாவுக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டி என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் பேச்சை அன்னிக்கே பேசியிருந்தா, அன்னிக்கும் பாதிதான்டா நட்டிருப்பேன்" என்றார். "உள்ள வா. உங்க அண்ணி சோறு போட்டுட்டா."